முதற்படைப்பும் வழிப்படைப்பும்: பழைய யப்பானியச் சித்திரத் தொடர்களும் இரசிகர் எதிர்பார்ப்பும்

ஒரு கதையை முதன்முதற் கேட்பவன் அடுத்து என்ன நிகழும் என்பதை அறிய விரும்புகின்றான். முன்பே கேட்டவனோ, தான் அறிந்தது மீண்டும் எவ்வாறு நிகழும் என்பதைக் காண விரும்புகின்றான். முன்னவன் வேண்டுவது புதுமை. பின்னவன் பழமையையும் புதுமையையும் ஒருங்கே வேண்டுகின்றான். பழைய கதையைப் புதிய வடிவிலே தர முற்படும் கலைஞன் எவனும் இவ்விரண்டாமவனுக்கே அஞ்ச வேண்டியவனாகின்றான். ஏனெனில், கதையின் ஒவ்வோரிடத்தையும் மனத்திலே பதித்துக்கொண்டு வந்து, அதனை அளவுகோலாக வைத்துக்கொண்டு இருக்கையில் அமர்பவன் அவனே.

தமிழ் இலக்கண நூலார் இச்சிக்கலை நூல்களின் வகையாலே ஆராய்ந்தனர். பிறர் நூலைச் சாராது தோன்றுவது முதனூல். அதன் வழியே தோன்றுவது வழிநூல். முன்னோன் நூலின் முடிபோடு உடன்பட்டு, பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் அமைத்துக்கொள்வதே வழிநூலின் இயல்பு என்பது நன்னூலார் கருத்து. தொகுத்தும் விரித்தும் செய்தல் அதற்குரிய வழிகளுட் சிலவாம். நூலுக்குக் கூறப்பட்ட இவ்விதி, யப்பானிலே அண்மைக் காலத்தில் எழுந்துள்ள ஒரு கலைச் சிக்கலையும் விளக்க வல்லதாக உள்ளது. கையால் வரையப்பெற்றுத் தொலைக்காட்சியிலே புகழ்பெற்ற பழைய சித்திரத் தொடர்கள், இன்று கணினியால் ஆக்கப்படும் முழுநீளத் திரைப்படங்களாக மீண்டும் தோன்றுகின்றன. அவற்றை எதிர்நோக்கும் பழைய இரசிகர் வேண்டுவது யாது? அவ்வேண்டுகோளில் நியாயமானது எது, நியாயமற்றது எது? இவையே ஈண்டு ஆராயப்படுவன.

'அனிமே' என்று உலகெங்கும் வழங்கும் யப்பானியச் சித்திரப் படக்கலையின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும். ஒசாமு தெசூக்காவின் சித்திரக்கதையை அடியொற்றி, 1963ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் யப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'அஸ்ட்ரோ போய்' தொடரே அக்கலைக்குத் தொலைக்காட்சியில் நிலையான இடத்தைத் தேடித் தந்தது. வாரந்தோறும் ஓர் அங்கத்தைக் குறைந்த செலவில் முடித்தாக வேண்டிய நெருக்கடி தெசூக்காவுக்கு இருந்தது. திரைப்படச் சுருளில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடும். அத்தனைக்கும் தனித்தனியே சித்திரம் வரைய இயலாமையால், ஒரே சித்திரத்தை மூன்று படங்களுக்கு நிறுத்துதல், அசையாத ஓவியத்தின் மீது ஒளிப்படக் கருவியை மட்டும் நகர்த்துதல், உடலை அசையாது விட்டு வாயை மட்டும் அசைத்தல் ஆகிய சிக்கன வழிகள் கையாளப்பட்டன.

வறுமையிற் பிறந்த இவ்வழிகள் காலப்போக்கில் ஒரு கலைமரபாயின. அசைவு குறைந்தமையால் கோட்டின் அழகு மேலோங்கியது. உடல் பேசாத இடத்திலே குரல் பேசிற்று. ஒரு கணத்தை நிறுத்தி வைத்து, அக்கணத்திற்குள்ளே ஒரு மனிதனின் நினைவுகள் முழுவதையும் விரித்துக் காட்டும் உத்தியும் வளர்ந்தது. ஆகவே, பழைய தொடர் ஒன்றை இளமையிற் கண்டு வளர்ந்த இரசிகனின் மனத்திலே எஞ்சி நிற்பவை மூன்று: கோடு, குரல், நின்று செல்லும் காலம். கதை அவற்றோடு பின்னிப் பிணைந்தே அவனுக்கு நினைவு வருகின்றது.

கணினியோ இம்மூன்றனுள் முதலாவதையும் மூன்றாவதையும் அடியோடு மாற்றிவிடுகின்றது. கையால் வரைபவன் ஒவ்வொரு நிலைக்கும் புதிதாகக் கோடிடுகின்றான். வேண்டுமிடத்துக் கண்ணைப் பெரிதாக்குவான், கையை நீட்டுவான், முகத்தைச் சிதைப்பான். கணினியில் ஒரு பாத்திரம் முதலிலே நீளமும் அகலமும் ஆழமும் உடைய உருவமாக அமைக்கப்பட்டு, பின்னர் பொம்மைபோல அசைக்கப்படுகின்றது. எத்திசையிலிருந்து நோக்கினும் அவ்வுருவம் பிழையின்றி நிற்கும். ஆனால், பழைய ஓவியனின் முகங்கள் பெரும்பாலும் அத்தகைய பிழையின்மையை உடையன அல்ல. பக்கத்தோற்றமும் நேர்த்தோற்றமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமலேயே அழகாய் இருந்தவை அவை. மேலும், கணினியின் அசைவு இடையறாது வழுவழுப்பாக ஓடுவதால், விட்டுவிட்டு அசையும் சித்திரத்திற் பழகிய கண்ணுக்கு அது உயிரற்றதாகவும் பாரமற்றதாகவும் தோன்றுகின்றது. புதிய படமொன்றின் முன்னோட்டம் வெளியானவுடன் இரசிகரிடையே எழும் முதல் முறைப்பாடு பெரும்பாலும் இதுவே. இதனை வெறும் பழமைப்பற்று என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அது கண்ணின் பயிற்சியாற் பிறந்த தீர்ப்பு.

இம்முயற்சிகளுட் சில எவ்வாறு முடிந்தன என்பதை நோக்கின் உண்மை மேலும் தெளிவாகும். 2009இல் ஹொங்கொங்கைத் தலைமையிடமாகக் கொண்ட இமாகி நிறுவனம் 'அஸ்ட்ரோ போய்' கதையைக் கணினிச் சித்திரப் படமாக்கியது. சிறுவனாகிய இயந்திர வீரனின் தோற்றத்தில் வயது சற்றுக் கூட்டப்பட்டது. அவனுக்கு மேலாடையும் அணிவிக்கப்பட்டது. மகனை இழந்த தந்தை அவனுக்கு ஈடாக ஓர் இயந்திரத்தை ஆக்கி, அது மகனாகாது என்று கண்டு கைவிடும் துயரமே தெசூக்கா கதையின் உயிர்நாடி. படம் அதனை முற்றாக விட்டுவிடவில்லை. ஆயினும், பிற நாட்டுச் சிறுவர் படங்களின் வழக்கமான விரைவுக்குள் அது கரைந்துபோயிற்று. பழைய இரசிகருக்கு அது அந்நியமாகவும், புதியவர்களுக்கு முன்பே கண்டதொன்றாகவும் தோன்றியது. படம் தன் செலவை ஈட்டவில்லை. அந்நிறுவனம் அறிவித்திருந்த 'கட்சமன்' என்னும் மற்றொரு பழைய தொடரின் திரைப்படமோ இறுதிவரை வெளிவரவேயில்லை. அதன் இரசிகர்க்கு எஞ்சியது எதிர்பார்ப்பு மட்டுமே.

2013இல் தோயெய் நிறுவனம் வெளியிட்ட 'கப்டன் ஹார்லொக்' வேறொரு வகையிற் பாடம் புகட்டுகின்றது. லெய்ஜி மட்சுமோட்டோவின் சித்திரக்கதையும், அதனை ஒட்டி 1978இல் வந்த தொலைக்காட்சித் தொடரும், எவருக்கும் தலைவணங்காது விண்வெளியிலே தன் கொடியின் கீழ்த் திரியும் ஒரு கொள்ளையனைப் படைத்தன. ஷின்ஜி அராமக்கியின் நெறியாள்கையில் உருவான புதிய படம் தொழினுட்பத்தில் வியக்கத்தக்கது. தோலின் நுண்துளையும் உலோகத்தின் துருவும் உண்மை போலவே தோன்றும். ஆனால், அதிலே வரும் ஹார்லொக், பூமியைத் தானே பாழாக்கிய குற்றவுணர்வால் வருந்தி, காலத்தையே தொடக்கத்திற்கு மீட்க எண்ணும் மனிதன். விடுதலையின் வடிவமாக நின்றவன் கழிவிரக்கத்தின் வடிவமானான். நன்னூலார் மொழியிற் கூறின், இங்கே மாறியது வேறுபாட்டுக்குரிய பகுதியன்று; முடிபே மாறிவிட்டது. உருவம் எத்துணை மெய்போலத் தோன்றினும், அறிந்த மனிதன் அங்கில்லை என்று இரசிகன் உணர்வானாயின் அவன்மீது குறைகூற இடமில்லை.

2014இல் வெளிவந்த 'செயின்ட் செய்யா' படத்தின் குறை தொகுத்தலின் குறையாகும். 1986 முதல் 1989 வரை 114 அங்கங்களாக ஒளிபரப்பான அத்தொடரில், பன்னிரண்டு இராசி மாளிகைகளை வீரர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும் பகுதி மட்டுமே 30க்கு மேற்பட்ட அங்கங்களில் விரிந்தது. படமோ ஒன்றரை மணித்தியால அளவினது. ஒவ்வொரு மாளிகையிலும் ஒரு வீரன் தன் முழு வலிமையையும் இழந்து, பின்னும் எழுந்து நிற்பதே பழைய தொடரின் சுவை. ஏறுதற்கரிய படிகளை நொடியிலே ஏறிவிட்டால் ஏறியதன் பெருமை எங்கே? இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. மூலக் கதையாசிரியரான மசாமி குருமாதாவே இப்படத்தின் தயாரிப்புப் பொறுப்பில் இருந்தார். ஆதலின், முதற்படைப்பாளியின் பெயர் உடனிருத்தல் மட்டும் வழிப்படைப்பைக் காப்பாற்றிவிடாது என்பது பெறப்படும்.

இப்பின்னணியிலேயே 2022ஆம் ஆண்டு திசெம்பர் 3ஆம் நாள் யப்பானில் வெளியான 'த பெர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' என்னும் திரைப்படத்தை வைத்து நோக்குதல் வேண்டும். தகெஹிகோ இனோவே எழுதி வரைந்த 'ஸ்லாம் டங்க்' சித்திரக்கதை 1990 முதல் 1996 வரை வார இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஷோஹொகு என்னும் உயர்தரப் பாடசாலையின் கூடைப்பந்தாட்ட அணியைப் பற்றிய கதை அது. முரட்டு மாணவனாகிய ஹனமிச்சி சகுராகி, ஒரு பெண்ணின் மனத்தைக் கவரும் பொருட்டு ஆட்டத்திற் சேர்ந்து, இறுதியில் ஆட்டத்தையே நேசிப்பவனாகின்றான். 2004 அளவில் இச்சித்திரக்கதை யப்பானில் 10 கோடிப் பிரதிகளுக்கு மேற் பரவியிருந்தது. அதற்கு நன்றி கூறுமுகமாக, அவ்வாண்டு திசெம்பரில் இனோவே, மூடப்பட்ட பாடசாலை ஒன்றின் கரும்பலகைகளிலே வெண்கட்டியால் கதையின் தொடர்ச்சியை வரைந்து மூன்று நாட்கள் மக்களுக்குக் காட்டினார்.

தொலைக்காட்சித் தொடர் 1993 ஒக்டோபரில் தொடங்கி, 101 அங்கங்களோடு 1996 மார்ச்சில் முடிந்தது. அப்போது சித்திரக்கதை முடிவடைந்திருக்கவில்லை. ஆதலால், கதையின் சிகரமாகிய சன்னோ அணியுடனான ஆட்டம் தொலைக்காட்சியில் இடம்பெறவேயில்லை. நாட்டின் முடிசூடிய அணியை எவரும் அறியாத ஓர் அணி 79க்கு 78 என்னும் புள்ளிகளால் வெல்லும் அவ்வாட்டத்தை இரசிகர் தாளிலே மட்டும் கண்டனர். பழைய தொடரின் தொடக்கப் பாடற் காட்சியில் வரும் கமக்குரா நகரத்துக் கடலோரப் புகையிரதக் கடவையைக் காண இன்றும் பல நாட்டவர் செல்கின்றனர். ஆயினும், அவர்கள் நேசித்த கதையின் இறுதி ஆட்டம் இருபத்தாறு ஆண்டுகளாக அசையாமலே கிடந்தது. எதிர்பார்ப்பு என்னும் சொல்லுக்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு வேறு காண்டல் அரிது.

இனோவே தாமே திரைக்கதையை எழுதி, தாமே நெறியாளராகவும் அமைந்தார். இருந்தும், படம் வெளியாவதற்கு முன்னரே இரசிகரின் சினம் மூண்டது. முன்னோட்டத்திற் கண்ட கணினிச் சித்திரம் பலருக்கு உவப்பாக இல்லை. அதற்கும் மேலாக, 2022 நவம்பரில், பழைய தொடரிலே குரல் கொடுத்த நடிகர்களுக்குப் பதிலாகப் புதியவர்கள் அமர்த்தப்பட்டுள்ளனர் என்று அறிவிக்கப்பட்டது. நுழைவுச்சீட்டுகளின் முன்விற்பனை தொடங்கிய பின்னரே இச்செய்தி வெளியாயிற்று. எந்த ஆட்டம், எவனுடைய கதை என்பவற்றையும் வெளியீட்டாளர் மறைத்தே வைத்திருந்தனர்.

இங்கே இரசிகரின் முறைப்பாட்டை இரண்டாகப் பகுத்து நோக்குதல் வேண்டும். புதிய குரல் கூடாது என்பது ஒன்று. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பின்னது முற்றிலும் நியாயமானது. பழைய குரலை நம்பிச் சீட்டு வாங்கியவனிடம் உண்மையை மறைத்தல் வாணிக ஒழுக்கத்திற்கும் ஏற்றதன்று. முன்னதோ கலை பற்றிய வினா. அதற்கு விடை படத்திலேதான் உண்டு. படத்தைக் காணுமுன் அதற்குத் தீர்ப்புக் கூறியவர்கள், நூலைப் படியாது நூலுக்கு உரை கண்டவர்களாயினர்.

இனிப் படத்தை நோக்குவோர்க்கு முதலிற் புலப்படுவது அதன் தொடக்கம். வெண்தாளிலே எழுதுகோலின் கோடு ஒன்று தோன்றுகின்றது, அது ஓர் ஆட்டக்காரனாகின்றது, அவன் நடக்கின்றான், அவன் பின்னே ஏனையோரும் ஒருவர்பின் ஒருவராகக் கோட்டிலிருந்து பிறந்து நடந்து வருகின்றனர். கோட்டை இழந்துவிட்டோம் என்று அஞ்சியவர்களுக்கு நெறியாளர் அளித்த முதல் விடை இது. கணினி உருவங்களைத் தட்டையான வண்ணங்களால் நிரப்பி, முகங்களையும் தோற்றங்களையும் இனோவே தம் கையாலேயே திருத்திக் கொடுத்தமையால், படம் நெடுகிலும் அவருடைய எழுதுகோலின் சாயல் மறையவில்லை.

ஆட்டத்தைக் காட்டிய முறையிலே கணினியின் பயன் நன்கு புலனாகின்றது. பத்துப்பேர் ஒருங்கே ஓடும் ஆட்டத்தைக் கையால் வரைதல் பெரும்பாடு. ஆதலாற் பழைய தொடர் பந்தை வைத்திருப்பவனை மட்டும் காட்டி, ஏனையோரை அசையாது நிறுத்தியது. ஒருவன் பந்தை உயர்த்தி எறிவதற்குள் பலர் பல நினைவுகளை நினைந்து முடித்தனர். புதிய படத்திலே உண்மையான ஆட்டக்காரரின் உடலசைவுகள் கருவிகளாற் பதியப்பட்டு உருவங்களுக்கு ஊட்டப்பட்டன. பந்து இல்லாதவனும் இடம் தேடி ஓடுகின்றான்; காப்பவன் தோளால் மறிக்கின்றான்; களைத்தவனின் காற்பாதம் தரையிலே பின்தங்குகின்றது. அசைவு வழுவழுப்பானது என்ற குறை இங்கே எழவில்லை. ஏனெனில், ஒவ்வோர் அசைவுக்கும் உடலின் பாரமும் ஆட்டத்தின் காரணமும் உண்டு. நிற்கும் காலத்தை இழந்த இரசிகன் அதற்கு ஈடாக ஓடும் காலத்தைப் பெறுகின்றான். இறுதிச் செக்கன்களிலோ படம் ஒலியனைத்தையும் நிறுத்திவிடுகின்றது. சித்திரக்கதையிலும் அவ்விடம் உரையாடலின்றி ஓவியத்தாலேயே சொல்லப்பட்டதாகும். ஒருவரோடொருவர் இணங்காத சகுராகியும் ருகாவாவும், ஒருவன் பந்தை ஈய மற்றவன் எறிய, வெற்றி பிறக்கின்றது. தாளின் மௌனத்தைத் திரையின் மௌனமாக மாற்றிய அவ்விடமே வழிப்படைப்பின் இலக்கணம் முழுமையாக நிறைவேறிய இடம்.

மிகத் துணிவான வேறுபாடு கதைத்தலைவனை மாற்றியமையாகும். படத்தின் நடுநாயகம் சகுராகி அல்லன். உருவிற் சிறியவனாகிய ரியோதா மியாகி. ஒக்கினாவாத் தீவிலே அண்ணனிடம் ஆட்டம் பயின்றவன் அவன். அவ்வண்ணன் ஒருநாள் படகிற் கடலுக்குச் சென்று திரும்பவில்லை. மூத்த மகனை இழந்த தாயும், அவன் இடத்தை நிரப்ப இயலாத இளைய மகனும் ஒரே வீட்டிலே பேசாத துயரோடு வாழ்கின்றனர். அண்ணனின் சிவந்த மணிக்கட்டுப்பட்டியை அணிந்துகொண்டு அவன் சன்னோ அணியை எதிர்க்கின்றான். சித்திரக்கதையிலே இவ்வரலாறு இல்லை. ஆயினும், ஆட்டத்தின் முடிபு எள்ளளவும் மாறவில்லை. எவரும் தம் இயல்பிலிருந்து திரியவில்லை. புதிய குரல்களின் நியாயமும் இங்கேயே விளங்குகின்றது. மியாகிக்குக் குரல் கொடுத்த ஷூகோ நக்காமுரா ஒக்கினாவாவிற் பிறந்தவர். தொலைக்காட்சியின் நகைச்சுவைக்கு ஏற்ற உரத்த குரல், தாயின் முன்னே சொல்லெழாது நிற்கும் ஒருவனுக்கு ஒவ்வாது போயிருக்கும்.

படம் குறையற்றது என்று கொள்ள வேண்டியதில்லை. விறுவிறுப்பான ஆட்டத்தினிடையே கடந்தகாலக் காட்சிகள் அடிக்கடி குறுக்கிடுவதால் வேகம் தடைப்படுகின்றது. சகுராகியின் நகைச்சுவை பெரிதும் சுருங்கிவிட்டது. முதுகில் அடிபட்ட பின்னும் அவன் களத்தை விட்டு நீங்க மறுக்கும் இடத்தின் முழுப் பொருளும், அவன் கூடைப்பந்தாட்டத்தை வெறுத்துத் தொடங்கிய வரலாற்றை அறிந்தவர்க்கே புலனாகும். அதனை அறியாது படத்தை மட்டும் காண்பவர் ஓர் அரிய சுவையை இழக்கின்றனர். விரித்தல் செய்பவன் ஓரிடத்தை விரிக்கும்போது மற்றோரிடத்தைச் சுருக்கியே ஆதல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

வெளியானபின் நிலை மாறியது. யப்பானில் மட்டும் 1,500 கோடி யென்னுக்கு மேற்பட்ட வருவாயைப் படம் ஈட்டியது. 2023இல் கொரியாவிலும் சீனாவிலும் திரளான மக்கள் கண்டனர். அவ்வாண்டே யப்பானிய அக்கடமியின் சிறந்த சித்திரப் படத்துக்கான பரிசும் கிடைத்தது. வருவாய் கலையின் அளவுகோல் அன்று. எனினும், முன்னர் சினந்தவர் பலரே பின்னர் மீண்டும் மீண்டும் சென்று கண்டனர் என்பது ஆராயத்தக்க செய்தி. அவர்கள் வாய்விட்டுக் கேட்டவை மூன்று: பழைய குரல், பழைய சித்திரம், காணாத ஆட்டம். முதலாவது மறுக்கப்பட்டது, இரண்டாவது மாற்றப்பட்டது, மூன்றாவது மட்டுமே கொடுக்கப்பட்டது. மூன்றாவது கிடைத்தவுடன் முன்னிரண்டின் இழப்பைப் பலர் பொறுத்துக்கொண்டனர்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. இரசிகனின் எதிர்பார்ப்பு ஒரே படியினதன்று. மேற்படியில் இருப்பது நினைவு. அது தன் இளமையைத் திருப்பிக் கேட்பது. அதனை எக்கலைஞனும் கொடுக்க இயலாது. பழைய தொடரையே மீண்டும் காட்டினும் அதனைக் கண்ட சிறுவன் திரும்பி வரமாட்டான். அடிப்படியில் இருப்பது கதையின் முடிபு பற்றிய உரிமை. இம்மனிதர் இத்தன்மையர், இத்துயர் இவ்வாறு முடியும் என்னும் நம்பிக்கை. 'ஹார்லொக்' படம் தவறியது இவ்வடிப்படியிலே. 'செயின்ட் செய்யா' அதனை நிறுவுதற்கு வேண்டிய காலத்தை ஒதுக்கவில்லை. 'ஸ்லாம் டங்க்' மேற்படியை மறுத்து அடிப்படியைக் காத்தது.

முதற்படைப்பாளியே நெறியாளராய் அமைந்ததாலன்றோ இது கைகூடிற்று என்று வினவலாம். அவர் பெற்ற வசதி பெரிதே. 1989இல் மறைந்த தெசூக்காவின் கதையை எடுப்பவர்க்கு அவ்வசதி இல்லை. ஆனால், இனோவே தம் உரிமையைப் பயன்படுத்திப் பழையதையே மீண்டும் செய்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், தாம் இளமையில் எழுதாது விட்டதைத் தேடிச் சென்றார். அத்தேடல் எவர்க்கும் உரியது. அதற்கு வேண்டுவது முதனூலை இரசிகனிலும் ஆழமாகக் கற்றிருத்தலே.

ஆகவே, பழைய தொடர்களை மீண்டும் படைப்போர் இரசிகருக்குக் கடமைப்பட்டோரே. ஆயினும், அக்கடமை அவர்கள் சொல்லுக்குப் பணிதல் அன்று, அவர்கள் நேசித்ததை உணர்தலேயாம். இரசிகர்க்கும் ஒரு கடமையுண்டு: தாம் காத்திருந்தது எதற்காக என்பதைத் தம்முள்ளே தேர்ந்து, காணுமளவும் பொறுத்திருத்தல். இவ்விரு கடமைகளும் ஒருங்கே நிறைவேறுமிடத்து, கருவி எழுதுகோலாயினும் கணினியாயினும், பழைய கதை புத்துயிர் பெறும்.